கல் பொறுக்கும் கை

சூளைக்கு நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டின் மேல் வளைந்து இறங்கி அதில் கொஞ்சம் அள்ள வேண்டிய இரும்புக் கை பாதி வழியில் நின்றுவிட்டது. முந்தின நாள் முழுக்கப் பெய்த மழையில் கரித்தூள் களியாகக் குழைந்து அதன் முட்டியில் அப்பியிருந்தது. பழுது பார்க்க வந்த பிட்டர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பது அவர் வழக்கம்.

"பேரிங் போயிடுச்சு சார். ஸ்டோர்ல இல்ல. வெளியிலேர்ந்துதான் வரணும்."

"நாளைக்குக் கணக்கச் சரிபார்க்க அந்த அம்மா வராங்களே," என்றார் புகை டாக்டர்.

"வரட்டும் சார். அவங்க வர்றது பேரிங்குக்குத் தெரியாது இல்ல."

புகை டாக்டர் என்பது சூளைக்காரர்கள் வைத்த பெயர். அந்தச் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி வழியாக என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு டன் சிமெண்ட் செய்ய இவ்வளவு கரியமில வாயுதான் வெளியே விடலாம் என்று அரசாங்கம் ஆலைக்கு ஆலை வரம்பு போட்டிருந்தது. அடிப்படை ஆண்டு என்று ஒன்றைக் குறித்து, அந்த ஆண்டில் விட்டதைவிட நூற்றுக்கு ஐந்து பங்காவது குறைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதிகம் விடுகிற சூளையை நிறுத்தி, மாற்றிக் கட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்டலாம். இந்த ஆலையில் அப்படி விடுவது பழைய சூளை. ஆனால் புகையை யாரும் பிடித்துத் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. எரித்த நிலக்கரி எவ்வளவு, அதில் கரிமம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் கணக்கு. அதற்காகப் பெல்ட்டிலிருந்து தினமும் கொஞ்சம் நிலக்கரி அள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கொஞ்சத்துக்கு மாதிரி என்று பெயர். போன வருடம் இந்த இரும்புக் கை வரும்வரை அதை ஒரு பெண் கையால் எடுத்துக்கொண்டிருந்தார். ஆலை முழுக்க அவருக்கு மாதிரி அக்கா என்று பெயர். இயந்திரம் வந்ததும் அவரை ஆலையின் செடிப்பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மாதிரி அக்காவக் கூப்பிடுங்க," என்றார் புகை டாக்டர்.

அக்கா வந்தபோது விரல்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. வரும் வழியிலேயே குழாயடியில் நின்று கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். நடையில் ஒரு வேகம். திரும்பக் கூப்பிட்டதில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"என்னக்கா, மறந்துட்டீங்களா?"

"பெத்த புள்ளைக்குத் தலை வாரி விடுறது மறக்குமா தம்பி. எங்க என் மண்வெட்டி? அந்தச் சின்னது."

பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, குறுக்காக ஒரு வெட்டு அள்ளினார். ஓரத்திலும் நடுவிலும் ஒன்றுபோல வரும்படி அடிவரை வழித்தெடுத்தார். அள்ளியதைச் சாக்கின் மேல் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார். புத்தகத்தில் போட்டிருப்பது போலவே செய்தார். புகை டாக்டருக்கு மனம் கொஞ்சம் ஆறியது. நாளை வரப்போகிற சரிபார்ப்பு அம்மாவுக்கு எதை எதை எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தபடி நின்றிருந்தார். அவர் கண் மட்டும் அக்காவின் கைகளில் இருந்தது.

அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரியைப் பரப்பினார். விரல் நுனியால் துழாவிச் சாம்பல் நிறத் துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு தட்டையாக ஒரு செதில். பருப்பில் கல் பொறுக்குகிற கை அது. கண் வேறு எங்கோ இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். பொறுக்கி முடித்ததும் சாக்கின் நுனியைத் தூக்கி மெல்ல உதறி, குனிந்து ஊதினார். மண்தூள் பறந்தது. மீதியிருந்த கரி கழுவி வைத்த பாத்திரம் போல மின்னியது.

"அது என்னக்கா தனியா?"

"கல்லு தம்பி."

"தெரியுது. எதுக்கு எடுக்கறீங்க?"

சாப்பிடுவதற்கு முன் எதற்குக் கை கழுவுகிறாய் என்று கேட்டதைப் போல அக்கா அவரைப் பார்த்தார்.

"ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் போற சாமானு. கல்லும் மண்ணுமாவா குடுக்கிறது? நம்ம ஆலையப் பத்தி என்ன நெனைப்பாங்க."

"எப்பவுமே இப்படித்தான் குடுத்தீங்களா?"

"வேலைக்கு வந்த புதுசுல ஒருவாட்டி அப்படியே குடுத்துட்டேன். அங்க அரைக்கிற மெஷின்ல கல்லு மாட்டிக்கிச்சு. அப்ப இருந்த பெரியவரு என்னா கத்து கத்தினாரு தெரியுமா, மெஷினு அவரு மாமனார் சீதனம் மாதிரி. அதுக்கப்புறம் ஒரு பேச்சு வாங்கினதில்ல தம்பி நானு."

பொட்டலத்தைக் கட்டி அவரிடம் நீட்டினார். "நாளைக்கு வெளியாளு வராங்களாமே. நானே வரட்டுமா?"

"வாங்கக்கா," என்றார் புகை டாக்டர். குரல் தன்னுடையதுபோல அவருக்குக் கேட்கவில்லை.

தன் அறைக்குப் போக வேண்டியவர் நிலக்கரிக் கிடங்கைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. சூளைக்குப் போவது கல்லும் மண்ணும் கலந்த கரி, நிறுப்பதும் அதைத்தான். ஆய்வுக்கூடத்துக்குப் போனது மட்டும் பொறுக்கி ஊதிய சுத்தமான கரி. அதில் கரிமம் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதலை மொத்தக் கரிக்கும் போட்டுப் பெருக்கினால் விடாத புகையையும் விட்டதாகக் கணக்கு வரும். அடிப்படை ஆண்டின் கணக்கு அப்படித்தான் வந்திருந்தது. இயந்திரத்துக்குக் கல் பொறுக்கத் தெரியாது. அது வந்த வருடம் கணக்கு நூற்றுக்கு ஆறு பங்கு இறங்கியது. சூளை அதே சூளை, நெருப்பு அதே நெருப்பு, வானத்துக்குப் போன புகையும் அதே புகை. ஒரு பெண் கல் பொறுக்குவதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

அந்த ஆறு பங்கு தன்னால் இறங்கியது என்று அவர் நம்பியிருந்தார். நம்பக் காரணமும் இருந்தது. போன வருடம் முழுக்க அவர் சூளையின் காலடியிலேயே கிடந்தார். காற்று எங்கே வீணாக உள்ளே நுழைகிறது என்று தேடித் தேடி அடைத்தார். நெருப்பின் நீளத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டார். செங்கல் பூச்சு தேய்ந்த இடத்தையெல்லாம் மாற்ற வைத்தார். கணக்கு வந்த அன்று பொது மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்து, இவர் தோளில் கை போட்டு, பழைய சூளையை இனி நிறுத்தத் தேவையில்லை என்று அறிவித்தார். சூளைக்காரர்கள் கைதட்டியதோடு விடவில்லை. இவரை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அந்தரத்தில் இருந்த அந்தக் கணத்தில் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். வாழ்க்கையில் தான் ஒன்றைச் செய்துவிட்டோம் என்று தோன்றியது அப்போதுதான்.

அவர் உழைப்புக்கும் அந்த ஆறு பங்கில் ஏதாவது இருக்கும். அரைப் பங்கோ கால் பங்கோ. எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மதியம் கேண்டீனில் மச்சான் பிடித்துக்கொண்டார். மனைவியின் அண்ணன், பழைய சூளைக்கு மேஸ்திரி. நாலு பேர் முன்னால் சார் என்பார், பக்கத்தில் ஆளில்லாவிட்டால் மாப்பிள்ளைதான். சூட்டில் நின்று நின்று முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப் போயிருக்கும்.

"என்ன மாப்ளே, காலைலேர்ந்து கிடங்கையே பிரதட்சணம் பண்றியாமே. வேண்டுதலா?"

"மெஷின் கெட்டுப்போச்சு மச்சான்."

"கெடட்டும். நம்ம அக்கா இருக்கு. மெஷின் என்ன, சம்பளம் வாங்குதா, சிரிக்குதா? நாளைக்கு மட்டும் அந்த அம்மா கையெழுத்தப் போட்டுட்டாங்கன்னு வையி, எவனும் என் சூளைப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான்." தேநீரை ஊதிக் குடித்தார். "முன்னெல்லாம் உன்னப் பாத்து என் தங்கச்சியக் கட்டி வெச்சதுக்கு அவ என்னை ஏசுவா. இப்ப அண்ணன் கண்ணு எப்பவும் தப்புப் பண்ணாதுங்கறா. ரெண்டும் உன்னாலதான்."

புகை டாக்டர் சிரிக்க முயன்றார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

"ஒருவேளை சூளைய நிறுத்தினா என்ன ஆகும் மச்சான்?"

மச்சான் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கென்ன ஆகும்? வேற எங்கயாவது போட்டுடுவாங்க. ஈரத்துணிய இடம் மாத்திக் காயப் போடுற மாதிரி. கீழ நிக்கிறானுங்களே, அவனுங்கதான். பாதிப்பேரு ஒப்பந்தக்காரன் ஆளு. நிறுத்தின அன்னிக்கே போயிட்டு வாப்பான்னுடுவான். மாத்திக் கட்டி மறுபடி ஓட்டும்போது கூப்பிடுவான்னு எந்தச் சாமி சொல்லிச்சு?" பிறகு அவரை உற்றுப் பார்த்தார். "ஏன் கேக்கிற?"

"சும்மாதான்."

"சும்மா இதையெல்லாம் கேக்காத."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார். அலமாரியைத் திறந்தார், மூடினார். வெளியே போய்ப் பைக்கைத் துடைத்தார். தினமும் இருட்டுகிற நேரத்தில் கண்ணை மூடிச் சிறிது நேரம் உட்காருவது அவருக்குப் பழக்கம். அன்றும் உட்கார்ந்தார். சொல்லிப் பழகிய வார்த்தைகள் வரிசையாக வந்தன; மனம் மட்டும் கிடங்கில் சாக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பாதியில் எழுந்துவிட்டார்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மனைவி. "ஒரு எடத்துல உக்காருங்க. எனக்குத் தலைய சுத்துது."

உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் கத்தியின் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது.

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? நீங்களா போய்ப் பொய் சொன்னீங்க? அந்த அக்கா வேணும்னு செஞ்சாங்களா? மழை பேஞ்சு மெஷின் கெடலன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

"அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அவள் நறுக்கியதைத் தட்டில் தள்ளினாள். அவரைப் பார்க்காமல் கேட்டாள். "சொன்னா, அந்த அக்காவ என்ன பண்ணுவாங்க?"

"ஆலைக்கு ஒரு ஆளு தேவைப்படும்மா, தப்ப ஏத்தி வைக்க. அதுக்கு அவங்கதான் வசதி."

"அப்ப சொல்லாதீங்க," என்றாள். உடனேயே, "என்னக் கேக்காதீங்க. நான் அண்ணனுக்காகப் பேசறேனா அந்த அக்காவுக்காகப் பேசறேனான்னு எனக்கே தெரியல," என்றாள். அவர் தட்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு கரண்டி போட்டாள். அவரால் சாப்பிட முடியவில்லை என்று தெரிந்தும் எடுக்கவில்லை.

படுத்த பிறகு, சொல்லாமல் இருப்பதற்கு இருந்த நியாயங்களை அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாமே நல்ல நியாயங்களாக இருந்தன. யாரோ எழுதிய விதி. எங்கோ போகிற புகை. இங்கே கண் முன்னால் மனிதர்கள். ஆனால் அந்த விதியை எழுதியவர்களும் மனிதர்களுக்காகத்தான் எழுதியிருக்க வேண்டும் என்றும் தோன்றியது. இவர்களைப் போலவே ஒரு கூரைக்கடியில் படுத்து, அடுத்த வெயில் காலத்தை நினைத்துப் பயப்படுகிற, இவர் முகம் பார்த்திராத மனிதர்கள். குறைந்ததாக எழுதிக் கொடுத்தால் தாளில் குறையும். அவர்கள் தலைக்கு மேல் குறையாது. நல்ல நியாயங்களின் நடுவே படுத்திருந்தும் அவருக்குப் படுக்கை கொள்ளவில்லை.

காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. மிக எளிய வழி. அக்காவிடம் போய், இன்றைக்குக் கல்லைப் பொறுக்க வேண்டாம், அப்படியே எடுத்துக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். அதில் பொய் இல்லை. அதுதான் சரியான முறையும்கூட. சரியான முறையைச் சொல்லிக் கொடுத்தே நடந்ததை மூடிவிடலாம். வழி இவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் அவரைத் தொந்தரவு செய்தது. இருந்தாலும் போனார்.

அக்கா அவருக்கு முன்பே வந்திருந்தார். பழைய சாக்கை மடித்து வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தார். துணி துவைத்து, வெயிலில் காய்ந்த மொடமொடப்போடு இருந்தது.

"எதுக்குக்கா இது?"

"வர்றவங்க பாக்கட்டும் தம்பி. எம் மருமவ கேக்கிறா, கரி அள்ள எவளாவது வெள்ளைத் துணி எடுத்துட்டுப் போவாளான்னு. அவளுக்கு என்ன தெரியும்." நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"அக்கா..."

"சொல்லுங்க."

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீங்க சாப்பிடல போல இருக்கே, மூஞ்சி வாடிக் கெடக்கு." மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, காம்பை மட்டும் துடைத்து, அவர் கையில் வைத்தார். "தின்னுட்டுப் போங்க. வெறும் வயித்தோட பெரியவங்க முன்னாடி நிக்காதீங்க."

அவர் அங்கேயே நின்று அதைச் சாப்பிட்டார். வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதரின் கையிலிருந்து வாங்கித் தின்றுகொண்டே அவரை வைத்து ஒன்றை மறைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருந்ததும் ஒரு அருள்தான்.

சரிபார்ப்பு அம்மா அதிகம் பேசாதவர். முட்டி வலி இருக்கும் போல. நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஆலையில் கொடுத்த பாதுகாப்புக் காலணி அவருக்கு ஒரு விரல் நீளம் பெரிதாக இருந்தது.

"எந்த ஆலைக்குப் போனாலும் எனக்கு ஆம்பளைச் செருப்புதான்," என்றார். "என் காலுக்கு வரம்பு போட ஒருத்தரும் இல்ல."

காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தார். கேட்டதற்கெல்லாம் புகை டாக்டர் பதில் சொன்னார். கடைசியில் அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "நிறைய எடத்துக்குப் போறேங்க. கொறச்சிருக்கோம்னு எல்லாரும் சொல்றாங்க. எழுதத் தெரிஞ்சவங்கதான் அதிகம். உங்க மாதிரி சூளையிலயே கெடந்து கொறைச்சவங்களப் பாத்தா, வந்த வலி தெரியல." பிறகு மேஜையைப் பிடித்து எழுந்தார். "மாதிரி எடுக்கிற இடத்தப் பாத்துட்டா முடிஞ்சது."

கிடங்குக்குப் போகும் வழி முழுக்கச் சேறு. சரிபார்ப்பு அம்மாவின் காலணி ஒவ்வொரு அடிக்கும் தனியாக ஒரு சத்தம் போட்டது. தூரத்தில் வெள்ளைத் துணி தெரிந்தது, அதன் ஓரத்தில் கைகட்டி நின்ற அக்காவும் தெரிந்தார். இன்னும் கொஞ்ச தூரம்தான். புகை டாக்டர் நின்றார்.

"ஒரு நிமிஷம் மேடம்."

சொல்ல ஆரம்பித்த பிறகு அது அவ்வளவு நீளமாக இல்லை. ஒரு நாள் முழுக்கச் சுமந்தது, சேற்றில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் இருந்தது. சரிபார்ப்பு அம்மா குறுக்கிடாமல் கேட்டார். ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"என் மனைவிக்கு."

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"அந்த அக்கா உங்க கண்ணு முன்னாடியே பொறுக்கியிருப்பாங்க மேடம்."

"இன்னிக்கு மட்டும் பொறுக்காதன்னு சொல்லியிருக்கலாமே."

"காலைல அதுக்குத்தான் போனேன்."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கிடங்கைப் பார்த்தார். "கையெழுத்து இன்னிக்கு இல்ல. அடிப்படை ஆண்டுக் கணக்க மறுபடி போடணும். போட்டா நீங்க கொறைச்சது ஒண்ணுமில்லன்னு வரலாம். வந்தா சூளைய மாத்தித்தான் ஆகணும். தெரியும் இல்லையா?"

"தெரியும் மேடம். ஒண்ணு மட்டும் கேக்கிறேன். அந்த அக்கா பேரு..."

"ஆளப் பத்தி எழுதறது என் வேலை இல்ல. முறை எழுதி வைக்கல, சொல்லிக் குடுக்கல, மேற்பார்வை இல்லன்னு எழுதுவேன். அது ஆலைக்கு. மேற்பார்வைன்னா அது உங்க மேலயும் விழும்."

"விழட்டும்," என்றார் புகை டாக்டர். அந்தச் சொல்லைச் சொன்னதும் முந்தின நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கால்கள் முதல் முறையாக நின்ற இடத்தில் நின்றன. ஆனால் அது கொஞ்ச நேரம்தான்.

அக்கா அன்று மிக அழகாக வேலை செய்தார். அள்ளியதும் குவித்ததும் பிரித்ததும் ஒரு தடங்கல் இல்லாமல் நடந்தன. கல் பொறுக்க ஆரம்பித்தபோது சரிபார்ப்பு அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். பொறுக்கி முடியும்வரை அந்த விரல்களைக் கவனித்தார். அக்கா ஊதுவதற்குக் குனிந்தபோது, "போதும்மா, அந்தக் கல்லையும் அதுகூடவே வையுங்க. எல்லாத்தையும் சேத்துத்தான் எங்களுக்கு வேணும்," என்றார்.

அக்காவின் கை அப்படியே நின்றது. அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு புகை டாக்டரைப் பார்த்தார். படிக்காதவராக இருந்தாலும் முகங்களைப் படிக்கத் தெரிந்தவர்.

"தப்பாம்மா?"

"நீங்க சுத்தமாத்தான் குடுத்தீங்க. அழுக்கோடதான் வேணும்னு உங்ககிட்ட யாரும் சொல்லல. தப்பு, சொல்லாம விட்டவங்களோடது."

"அப்ப இத்தன வருசம் நான் குடுத்ததெல்லாம்?"

அக்கா குவியலைப் பார்த்தார். பிறகு பொறுக்கி வைத்த கற்களை எடுத்துத் திரும்ப அந்தக் கரிக்குள் போட ஆரம்பித்தார். அள்ளிக் கொட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே கிடந்ததோ அங்கேயே வைப்பதுபோல வைத்தார். சரிபார்ப்பு அம்மா வாளியிலிருந்து இறங்கி, சேலை கரியில் படுவதைப் பொருட்படுத்தாமல் துணியோரம் உட்கார்ந்து, தானும் ஒரு கல்லை எடுத்து உள்ளே வைத்தார். "இது எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு," என்றார். அக்கா சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "மருமவகிட்ட சொன்னா நம்பமாட்டா," என்றார்.

புகை டாக்டர் பொது மேலாளரிடம் போய்ச் சொன்னார். உள்ளே என்ன பேசப்பட்டது என்பதைப் பிறகு அவர் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. முதலில் கேட்கப்பட்டது கையால் மாதிரி எடுத்தது யார் என்பதுதான் என்று மட்டும் சொன்னார். நான்தான் எடுக்கச் சொன்னேன், எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை என்று பதில் சொன்னதாகவும் சொன்னார். வெளியே வரும்போது அவர் தோளில் யாரும் கை போடவில்லை.

அறைக்குப் போகாமல் நேராகப் பழைய சூளைக்கு நடந்தார். இந்த மாதிரிச் செய்தி ஆலையில் காற்றைவிட வேகமாகப் போகும். அதற்கு முன் போக வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் மச்சான் இதைக் கேட்கக் கூடாது. வழியில் மணல் கொட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் இவரைப் பார்த்துச் சிரித்து, கையெழுத்து ஆயிற்றா என்று சைகையில் கேட்டார்கள். அவர் கையை ஆட்டினார். அது எந்த அர்த்தத்தில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. இரும்புப் படிகளில் ஏற ஏறச் சூடு முகத்தில் அடித்தது. என்ன வார்த்தையில் தொடங்குவது என்று ஒவ்வொரு படியிலும் ஒன்றை யோசித்து, அடுத்த படியில் அதை விட்டார்.

மேல் மேடையில் மச்சான் தனியாக நின்று, சூளையின் எட்டிப் பார்க்கும் துளை வழியாக நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"மாப்ளையா? வா வா. இங்க வந்து பாரு. இன்னிக்கு நெருப்பு என்னமா நிக்குது. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. இந்த வயசுல இந்தச் சூளைக்கு இது பெரிய விஷயம்டா."

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. மொதல்ல இதப் பாத்துட்டுச் சொல்லு."

கண்ணாடியைக் கையில் திணித்து, தோளைப் பிடித்து அவரைத் துளைக்கு முன்னால் நிறுத்தினார். புகை டாக்டர் பார்த்தார். வெறும் கண்ணைக் குருடாக்கக்கூடிய அந்த நெருப்பு நீலக் கண்ணாடிக்குள் அடங்கி நீண்டு நின்றது. அதன் கீழே, வெந்த சுண்ணாம்புக்கல்லின் சிவந்த உருண்டைகள் சுழலும் சுவரைப் பற்றி மேலே ஏறின. பாதி உயரம் வந்ததும் பிடி நழுவிச் சரிந்து விழுந்தன. விழுந்தவை மறுபடி ஏறின. மச்சானின் கை இன்னும் அவர் தோளில் இருந்தது, கனமாக, சூடாக.

"தெரியுதா?"

"தெரியுது," என்றார். கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமல், அவை ஏறுவதையும் விழுவதையும் பார்த்தபடியே மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.